குடவோலையைத் திரும்பக் கொண்டு வரலாமா? உத்திரமேரூர் சுவத்துல என்னதான் எழுதியிருக்கு

தம்பி ஒருத்தர் கேட்டது இது: "இந்த எம்எல்ஏ, எம்பி, கோர்ட்டு, கேஸு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு சோழர் காலத்துல இருந்த குடவோலை முறையையும் ஊர்ச்சபை நீதியையும் அப்படியே கொண்டு வந்தா நாடு உருப்படும்ல? நம்ம கிட்ட இல்லாததா வெள்ளைக்காரன் கிட்ட இருந்துச்சு?"

கேள்வில இருக்கற கோவம் நியாயமானது. அம்பது ரூபா சர்ட்டிபிகேட்டுக்கு நாலு நாள் அலையற யாருக்கும் இந்த நெனப்பு வரும். ஆனா பதில் வேண்டாம்ங்கறதுதான். அதே சமயம் அந்த உத்திரமேரூர் கல்வெட்டுல ஒரு விதி இருக்கு, அதை நாம இன்னும் எடுத்துக்கவே இல்ல, அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். பதினஞ்சு வருஷமா லீவு கிடைச்சா கோயில் சுவர் சுவரா போய் கல்வெட்டு படிக்கறவன் நான், உத்திரமேரூருக்கு மட்டும் ஆறு ஏழு தடவை போயிருப்பேன்.

முதல்ல அங்க என்ன இருக்குன்னு பாத்துடலாம், ஏன்னா முக்காவாசிப் பேர் பார்வர்டு மெசேஜ்ல வந்ததைத்தான் கல்வெட்டுன்னு நெனச்சுட்டு இருக்காங்க. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர், வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர். முதலாம் பராந்தகன் காலத்து ரெண்டு கட்டளை அதுல இருக்கு, ஒண்ணு 12ஆம் ஆட்சி ஆண்டு, அதாவது 919, இன்னொண்ணு 14ஆம் ஆண்டு, 921. ஊரை 30 குடும்பாப் பிரிச்சிருக்காங்க (குடும்புன்னா இன்னைக்கு வார்டு மாதிரி). ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலைல எழுதி, குடும்பு வாரியா கட்டா கட்டி, மேல வாயோலை (எந்தக் குடும்புன்னு காட்டற ஓலை) வெச்சு, எல்லாத்தையும் குடத்துல போடணும். சின்னவங்க பெரியவங்க எல்லாரும் கூடின மகாசபைக்கு முன்னாடி, வயசுல மூத்த நம்பி (கோயில் அர்ச்சகர்) ஒருத்தர் எழுந்து நின்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி குடத்தைத் தூக்கிக் காட்டணும். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுத்துக் குடுக்க, அதைப் பிரிச்சு வேற குடத்துல போட்டுக் குலுக்கி, அதுல இருந்து அதே பையன் ஒரு ஓலை எடுக்கணும். அந்த ஓலையை வாங்கற மத்தியஸ்தன், இதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அஞ்சு விரலையும் அகல விரிச்சு உள்ளங்கையிலதான் ஏத்துக்கணும்னு எழுதி வெச்சிருக்காங்க. கைக்குள்ள வேற ஓலை மறைச்சு வெச்சிருந்து மாத்திடக் கூடாதுல்ல. அப்பறம் அவர் படிக்கணும், அங்க இருக்கற நம்பிமார் அத்தனை பேரும் படிக்கணும், அதுக்கப்பறம்தான் பேரை எழுதிப்பாங்க.

இதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு, இப்பவும் அந்த சுவத்துக்கு முன்னாடி நின்னா அப்படித்தான் இருக்கும். ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி ஒரு ஊர்க்காரங்க உக்காந்து, ஒருத்தன் எப்படியெல்லாம் ஏமாத்துவான்னு யோசிச்சு யோசிச்சு விரல் வரைக்கும் சட்டம் போட்டிருக்காங்க. இப்படியே குடும்புக்கு ஒருத்தரா தேர்ந்தெடுத்த 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம் (வாரியம்னா குழு, சம்வத்சரம்னா வருஷம்), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். நடுவுல தப்பு பண்ணா அப்பவே வெளிய. இதுல பெருமைப்பட நெறைய இருக்கு, மறுக்கல.

ஆனா யார் பேரு அந்தக் குடத்துக்குள்ள போச்சு? அதுக்குதான் வரேன். கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் இருக்கணும், இன்னைய கணக்குல சுமாரா ஒன்றரை ஏக்கருக்கு மேல. சொந்த மனைல வீடு கட்டி இருக்கணும். வயசு 35க்கு மேல 70க்குள்ள. மந்திர பிராமணம் தெரிஞ்சிருக்கணும், அதாவது வேதம் படிச்சவனா இருக்கணும். நிலம் அரைக்கால் வேலிதான் இருக்குன்னாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்க உரை) ஓதினவன்னா சேத்துப்பாங்க. ஊரோட பேரே உத்தரமேரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குத் தானமாக் குடுத்த பிரம்மதேய ஊர். சபைங்கறது அங்க நிலம் வெச்சிருந்த பிராமண ஆண்களோட சபை. வெள்ளான்வகை (பிராமணர் அல்லாத உழவர்) ஊர்கள்ல இருந்த சபைக்கு 'ஊர்'னு பேரு, வணிகர்களுக்கு 'நகரம்', அங்கயும் உக்காந்தது நிலக்காரங்களும் வியாபாரிகளும்தான், ஆனா உத்திரமேரூர்ல இருக்கற மாதிரி இவ்ளோ விரிவான தேர்தல் விதி நமக்குக் கிடைச்சது பிரம்மதேய சபைல இருந்து. இதை விட்டுட்டு "தமிழன் ஜனநாயகம்"னு மட்டும் சொன்னா பாதி சுவத்தை மறைச்சுட்டுப் படிக்கற மாதிரி.

இப்ப உங்க வீட்டையே எடுத்துக்கோங்க தம்பி. உங்க அம்மா பேரு அந்தக் குடத்துல இருக்காது. வயல்ல வேலை செஞ்ச யார் பேரும் இருக்காது. தச்சர், கொல்லர், குயவர் யாரும் இல்ல. தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் கல்வெட்டுல, வரி இல்லாத நிலம் எதெதுன்னு ஊர் ஊரா சொல்லிட்டு வரும்போது ஊர்நத்தம், கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடுன்னு ஒரே மூச்சுல வரும். தீண்டாச்சேரின்னு ஒரு இடத்துக்கு அரசாங்க ஆவணத்துலயே பேரு இருந்த காலம் அது. என் பாட்டனோட பாட்டன் எந்தச் சேரில இருந்திருப்பார்னு எனக்கு ஓரளவு தெரியும், அதனால அந்தக் காலத்துக்குத் திரும்பப் போகலாம்னு யாராவது கூப்பிட்டா போறதுக்கு எனக்கு மனசு வராது, நீங்களும் உங்க குடும்பம் எங்க நின்னிருக்கும்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க.

ரெண்டாவது, ஊர்ச்சபை நீதி. "அப்பல்லாம் ஒரே நாள்ல தீர்ப்பு"ன்னு சொல்றாங்க. வேகம் இருந்துச்சு, உண்மை. வேட்டைக்குப் போனவன் விட்ட அம்பு தவறி ஆள் மேல பட்டு செத்துட்டான்னா, கொலைக்குக் கொலை வேண்டாம், கோயில்ல ஒரு நுந்தா விளக்கு (அணையா விளக்கு) எரியட்டும்னு 96 ஆடு குடுக்கச் சொல்லி முடிச்ச கல்வெட்டுகள் இருக்கு. ரத்தத்துக்கு ரத்தம்னு போகாத அந்த மனசு பெரிசுதான். ஆனா 96 ஆடு போனது கோயிலுக்கு, செத்தவனோட பொண்டாட்டி புள்ளைங்க அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டாங்கங்கறதுக்கு அந்தக் கல்லுல பதில் கிடையாது. இன்னைக்கு விபத்துல செத்தா இழப்பீட்டுக்கு வருஷக்கணக்கா அலைய விடறாங்க, அது கொடுமைதான், ஆனா அந்தக் காசு குடும்பத்துக்குத்தான் போகணும்னு சட்டம் சொல்லுது.

அதே சோழர் நீதிக்கு இன்னொரு முகம் உடையார்குடில இருக்கு, காட்டுமன்னார்கோயில் பக்கம், அனந்தீஸ்வரர் கோயில். ஆதித்த கரிகாலனைக் கொன்னவங்க சோமன், ரவிதாசன், பரமேசுவரன்னு பேரோட வரும், நிறைய பேருக்குத் தெரிஞ்ச கல்வெட்டு. ராஜராஜனோட 2ஆம் ஆட்சி ஆண்டு. நிலத்தைப் பறிமுதல் பண்ணது கொன்னவங்க கிட்ட இருந்து மட்டும் இல்ல, அவங்க தம்பிமார், மக்கள், பேரப்பன்மார், மாமன்மார், கூடப் பொறந்த பொண்ணுங்களைக் கட்டினவங்க வரைக்கும். கொன்னவனோட தங்கச்சியைக் கட்டின பாவத்துக்கு ஒருத்தன் நிலம் போச்சு. அப்பீல் எங்க போறது? இன்னைக்கு ஒருத்தன் தப்புக்கு அவன் மச்சான் வீட்டைப் புல்டோசர் வெச்சு இடிச்சா கோர்ட்டுக்குப் போய் கேக்க ஒரு வாசலாவது இருக்கு.

திருநெல்வேலி பக்கம் மானூர்ல பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு, சுமார் 800 வாக்குல, உத்திரமேரூரை விட நூறு வருஷத்துக்கு மேல பழசு. சபைல யார் யார் உக்காரலாம்னு விதி போட்டுட்டு, எதுக்கெடுத்தாலும் 'அன்று' 'அன்று'ன்னு, அதாவது இல்ல இல்லன்னு மறுத்துப் பேசிட்டே இருக்கறவங்களுக்கு அஞ்சு காசு தண்டம்னு போட்டிருக்காங்க. கூட்டத்தை நடத்த விடாம பண்றவனைக் கட்டுப்படுத்தணும்ங்கற நோக்கம் புரியுது. ஆனா அந்த ஒருத்தன் சொல்ற 'இல்ல'தான் சில நேரம் ஊரைக் காப்பாத்தும், அதுக்கு விலை அஞ்சு காசுன்னு வெச்சுட்டா ஏழையா இருக்கறவன் வாயைத் தொறக்க மாட்டான்.

பஞ்சம் வந்தா என்ன ஆச்சுன்னும் கல்லுல இருக்கு. 1201, திருப்பாம்புரம். ஒரு வெள்ளாளர், தன்னையும் தன் ரெண்டு பொண்ணுங்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையா வித்துக்கிட்டார். வெள்ளாளர், நல்லா வாழ்ந்த சாதி, அவருக்கே அந்த நெலமை. ரேஷன் கடை க்யூவுல நின்னுட்டு அந்தக் காலம் எவ்ளோ நல்லா இருந்துச்சுன்னு பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ரெண்டு பொண்ணுங்க ஞாபகம் வரும்.

"சரி, பிராமணர் மட்டும்ங்கறதை எடுத்துட்டு எல்லாரையும் சேத்து, மத்ததை அப்படியே வெச்சுக்கலாமே, ஊரே ஊரை ஆளட்டுமே"ன்னு நீங்க கேப்பீங்க. இதை 1948லயே பெரிய ஆளுங்க சண்டை போட்டுப் பேசியிருக்காங்க. அரசியல் நிர்ணய சபைல கிராமத்தையே அடிப்படையா வெச்சு அரசியலமைப்பு எழுதணும்னு காந்தியவாதிகள் கேட்டப்ப, நவம்பர் 4ஆம் தேதி அம்பேத்கர் எழுந்து, கிராமம்ங்கறது குறுகிய புத்தியும் அறியாமையும் சாதி மத வெறியும் தேங்கிக் கிடக்கற இடம்னு சொன்னார். நெறைய பேருக்கு அது வலிச்சுது. கடைசில கிராமப் பஞ்சாயத்து 40ஆவது பிரிவுல வழிகாட்டுக் கொள்கையா மட்டும் உள்ள வந்துச்சு. அவர் சொன்னது எவ்ளோ உண்மைன்னு நமக்குத் தெரிய அம்பது வருஷம் ஆச்சு. பஞ்சாயத்துத் தேர்தலைக் கட்டாயமாக்கின அரசியலமைப்பு 73ஆவது திருத்தம் 1993ல நடைமுறைக்கு வந்து, 1996ல தமிழ்நாட்டுல உள்ளாட்சித் தேர்தல் நடந்தப்ப, மதுரை மாவட்டத்துல பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூணும் பட்டியல் சாதிக்கு ஒதுக்கின பஞ்சாயத்து. பத்து வருஷம் அங்க ஒரு தலைவர் ஒழுங்கா பதவில உக்கார முடியல, மனு போட ஆள் வர மாட்டாங்க, இல்லன்னா ஜெயிச்ச கையோட ராஜினாமா. 2006லதான் அரசாங்கம் கூடவே நின்னு தேர்தல் நடத்தி முடிச்சுது. மேலவளவுல நடந்தது இன்னும் மோசம், 1997 ஜூன் 30, பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவங்களையும் பஸ்ஸை நிறுத்தி வெட்டிக் கொன்னாங்க. அந்த ஊர்கள்ல "ஊரே ஊரை ஆளட்டும்"னு விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஊருக்கு வெளிய ஒரு சட்டம், ஒரு கோர்ட்டு, ஒரு கலெக்டர் இருந்ததாலதான் கடைசியாவது ஏதோ நடந்துச்சு.

உத்திரமேரூர்ல கூட ஊர் தானா தன் விருப்பத்துக்கு எழுதல, இதையும் மறந்துடறாங்க. ராஜாவோட ஸ்ரீமுகம் (உத்தரவு ஓலை) வந்து, 919ல ஒரு அதிகாரி, 921ல இன்னொரு அதிகாரி நேர்ல வந்து உக்காந்து, அவங்க முன்னாடிதான் சபை இந்த ஏற்பாட்டைச் செஞ்சுது. மேல ஒரு அரசாங்கம் அப்பவும் இருந்துச்சு.

இப்ப எனக்கு உண்மையிலயே முக்கியமான இடத்துக்கு வரேன். 919ல ஒரு கட்டளை போட்டாங்க, ரெண்டே வருஷத்துல அதைத் திருத்தி 921ல இன்னொண்ணு. வயசு முதல்ல 30க்கு மேல 60க்குள்ளன்னு இருந்துச்சு, அப்பறம் 35, 70 ஆச்சு. நிலம் கம்மியா இருக்கற படிச்சவனுக்கு வழி விட்டாங்க. யாருக்கெல்லாம் தகுதி இல்லங்கற பட்டியல் நீண்டுச்சு. எதுக்காக இந்த ஏற்பாடுன்னும் எழுதியிருக்காங்க: துஷ்டர் கெட்டு விசிஷ்டர் வர்த்திக்கணும், கெட்டவன் ஒழிஞ்சு நல்லவன் வளரணும்னு. அப்படின்னா முதல் சட்டத்துல ஓட்டை இருந்திருக்கு, எவனோ புகுந்திருக்கான், உக்காந்து அடைச்சிருக்காங்க. நம்ம முன்னோர்கள் சட்டத்தை சாமி சிலை மாதிரி பாக்கல, ஏரிக்கரை மாதிரி பாத்தாங்க, உடைஞ்ச இடத்துல மண்ணைக் கொட்டினாங்க. அவங்க செஞ்சதைச் செய்யணும்னா நாமளும் நம்ம சட்டத்துல உடைஞ்ச இடத்தை அடைக்கணும்.

எந்த இடம் உடைஞ்சிருக்குன்னு அதே கல்வெட்டு காட்டுது. வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேரு குடத்துக்குள்ள போகவே கூடாது. திருடனை, கள்ளக் கையெழுத்துப் போட்டவனைத் தள்ளி வெச்ச அதே பட்டியல்ல கணக்கு காட்டாதவனும் இருக்கான். அவன் மட்டும் இல்ல, சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோட கூடப் பொறந்தவன், தகப்பனோட கூடப் பொறந்தவன், மாமனார், மச்சான், மருமகன், அப்பன், மகன்னு நீண்டுட்டே போகுது. எதுக்குன்னா இவன் போய் இவன் மச்சானை உக்கார வெப்பான்னு அவங்களுக்குத் தெரியும். இதோட, போன மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவன் பேரும் எழுதக் கூடாது.

நம்ம சட்டத்துல என்ன இருக்கு? 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 10ஏ பிரிவு, தேர்தல் செலவுக் கணக்கை ஒழுங்கா தாக்கல் பண்ணலன்னா தேர்தல் ஆணையம் மூணு வருஷத்துக்குத் தகுதி நீக்கம் பண்ணலாம். கவனிங்க, ஜெயிக்கறதுக்கு செலவு பண்ண கணக்குக்குத்தான் இந்த தண்டனை. ஜெயிச்சு அஞ்சு வருஷம் ஊர்க் காசை என்ன பண்ணான்ங்கற கணக்கை சபைல வெக்கலன்னா அடுத்த தடவை தானாவே நிக்க முடியாதுங்கற விதி இல்ல. பஞ்சாயத்துத் தலைவரைக் கலெக்டர் நீக்க தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துல 205ஆவது பிரிவு இருக்கு, ஆனா அது நோட்டீஸு, விளக்கம், கூட்டம், கோப்புன்னு சுத்தி வர்ற வழி, கோப்பு நகரணும்னா யாராவது நகத்தணும். உத்திரமேரூர்ல கோப்பு இல்ல. கணக்கு வரல, பேரு எழுதல, முடிஞ்சுது.

இந்த விதியைக் கொண்டு வாங்கன்னுதான் நான் பத்து வருஷமா பேசறேன். சொந்தக்காரனை முழுசா தள்ளி வெக்கறதை என்னால ஏத்துக்க முடியாது, ஒருத்தன் தப்புக்கு இன்னொருத்தன் உரிமையை எடுக்கறது உடையார்குடி வழி. ஆனா பிரச்சனை நெஜம். பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கியாச்சு, எத்தனை ஊர்ல அந்தம்மா பேரு போர்டுல இருக்கு, நாற்காலில வீட்டுக்காரர் உக்காந்து கையெழுத்து மட்டும் உள்ள அனுப்பி வாங்கறார்! அதுக்குத் தடுப்பு கணக்கைத் தலைவரே சபைல எழுந்து நின்னு படிக்கணும்ங்கறதுதான், ஆள் மாத்தி படிக்கக் கூடாது. வெளிப்படையா அஞ்சு விரலை விரிச்சுக் காட்டற மாதிரி. படிக்கப் படிக்க அந்தம்மாவுக்கே கணக்கு புரிய ஆரம்பிச்சுடும், அப்பறம் வீட்டுக்காரரால ஏமாத்த முடியாது.

குலுக்கலையும் நான் வேண்டாம்னு சொல்லல. ஆள்றதுக்கு வேண்டாம், யோசனை சொல்லவும் கணக்கு பாக்கவும் வெச்சுக்கலாம். அயர்லாந்துல 2016ல 99 சாதாரண ஜனங்களை எல்லா வயசு, எல்லாப் பகுதில இருந்தும் வர்ற மாதிரி குலுக்கல் வழில எடுத்து, ஒரு நீதிபதியைத் தலைமைக்கு வெச்சு, கருக்கலைப்புத் தடை பத்தி மாசக்கணக்குல பேச வெச்சாங்க. கட்சிங்க முப்பது வருஷமா தொடப் பயந்த விஷயம். அவங்க சொன்ன பரிந்துரை 2018 மே மாசம் பொது வாக்கெடுப்புக்குப் போய் 66 சதவீதத்துக்கு மேல ஆதரவோட ஜெயிச்சுது. அங்க யாரும் பார்லிமெண்டைக் கலைக்கல. நம்ம ஊர்ல சமூகத் தணிக்கைன்னு, அதாவது வேலைக் கணக்கை ஊர்க்காரங்களே சரி பாக்கறதுன்னு, நூறு நாள் வேலைச் சட்டத்துலயே 17ஆவது பிரிவுல வெச்சாங்க, அதுக்கு உக்கார்ற ஊர் ஆளுங்களைத் தலைவர் கை காட்டாம வாக்காளர் பட்டியல்ல இருந்து எல்லார் முன்னாடியும் குடத்துல போட்டு எடுத்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இந்தத் தடவை பறைச்சேரி, தீண்டாச்சேரின்னு ஒதுக்கி வெச்ச பேரும் சேந்து குடத்துக்குள்ள இருக்கும்.

இன்னொண்ணு, இப்ப இருக்கற முறை தோத்துப் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி அதை நடத்த விட்டோமான்னு பாக்கணும். 2016 அக்டோபர்ல உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிஞ்சுது, 2019 டிசம்பர் வரைக்கும் தேர்தல் இல்ல, மூணு வருஷம் அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான். 2025 ஜனவரில மறுபடியும் பெரும்பாலான மாவட்டங்கள்ல காலம் முடிஞ்சு அதே தனி அலுவலர். 360 நாளுக்கு மேல யாரும் பதவில இருக்கக் கூடாதுன்னு எழுதி வெச்ச ஊரைப் பத்திப் பெருமையா பேசற நாம, இதுக்குத்தான் முதல்ல கோவப்படணும்.

எங்க ஊர் கிராம சபை ஒண்ணு சொல்லி முடிக்கறேன். ஒரு அக்டோபர் 2, பள்ளிக்கூட மரத்தடி, வந்தவங்க எண்பது பேர் இருக்கும், எங்க ஊர் ஜனத்தொகைக்கு 200 பேர் வந்தாதான் கூட்டம் செல்லும். தீர்மானத்தைப் படிச்சுட்டு கையெழுத்து வாங்க நோட்டை சுத்த விட்டாங்க. வரவு செலவைப் படிங்கன்னு நான் சொன்னேன், அதெல்லாம் ஆபீஸ்ல வந்து பாத்துக்கோங்கன்னாங்க. அப்ப நூறு நாள் வேலைக்குப் போற ஒரு அம்மா, படிக்கத் தெரியாதவங்க, நோட்டு கைக்கு வந்ததும் அதைத் தர மாட்டேன்னு மடிலயே வெச்சுட்டு உக்காந்துட்டாங்க. "எனக்குப் படிக்க வராது, யாராவது படிச்சுச் சொல்லுங்க, கேட்டுட்டுதான் கைநாட்டு வெப்பேன்." அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கல. கடைசில கிளார்க்குத் தம்பி அலமாரில இருந்து கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்து, கிழக்குத் தெரு போர்வெல் மோட்டார்ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு வரியா சத்தமா படிச்சார். மூணாவது வரில அந்தம்மா கையைத் தூக்கினாங்க: "அந்த மோட்டார் ஓடவே இல்லையே, தம்பி. திரும்பப் படி."